கதவுக்கு வெளியே ஒரு குரல்

மாலை ஆறரை மணி. ஜெராம் கடற்கரையில் மீன் சாப்பிட வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவே, ஒரு பழைய லயத்தின் கடைசி வீட்டு வாசலில் வேறொரு கூட்டம். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். கையில் பாராங் கத்தி. அவனோடு நான்கு வயது மகள். வேலை போய் இரண்டு மாதம். ஆலோங்கிடம் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. அன்று காலைதான் மனைவி, "நான் கிள்ளானுக்கு அம்மா வீட்டுக்கே போறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

வாசலில் மனைவி அழுகிறார். மைத்துனன் கதவை உடைக்கக் கட்டையோடு நிற்கிறான். நாலு பேர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். "டேய், ஆம்பளையா இருந்தா வெளிய வாடா!" என்று யாரோ கத்துகிறார்கள். அந்த நேரத்தில் போலீஸ் வண்டி வந்து நிற்கிறது.

இது நடந்த சம்பவம் அல்ல. ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் கோல சிலாங்கூர், ஈஜோக், காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. இனி அந்த வீட்டில் என்ன நடக்கும்? கதவு உடைபடுமா, அல்லது அதுவாகத் திறக்குமா? இதற்கான விடை பெரும்பாலும் ஒரு மனிதரின் குரலைப் பொறுத்தது. அவரைத்தான் நெருக்கடிப் பேச்சுவார்த்தையாளர் என்கிறோம். துப்பாக்கியை இடுப்பில் வைத்துவிட்டு, வாயையும் காதையும் ஆயுதமாக எடுக்கும் போலீஸ்காரர் அவர். அவரை எப்படித் தயார் செய்கிறார்கள்? அந்த வேலை அவரை என்ன செய்கிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு துயரத்தில் பிறந்த பயிற்சி

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்வரை உலகின் பெரும்பாலான காவல் துறைகளுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, சுற்றி வளைத்துச் சரணடையச் சொல்வது. இரண்டு, உள்ளே பாய்வது. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் போட்டியின்போது இஸ்ரேலிய விளையாட்டாளர்கள் பிணை பிடிக்கப்பட்டார்கள். மீட்பு முயற்சி தோல்வியில் முடிந்தது. 11 பேரும் உயிரிழந்தார்கள். அந்த அதிர்ச்சி பல நாடுகளின் காவல் துறைகளை யோசிக்க வைத்தது.

நியூயார்க் காவல் துறையில் அப்போது ஹார்வி ஷ்லாஸ்பெர்க் என்ற துப்பறிவாளர் இருந்தார். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரும் ஃபிராங்க் போல்ஸ் என்ற அதிகாரியும் சேர்ந்து, பிணை பிடித்தவரோடு பேசுவதற்கென்றே ஒரு குழுவை 1973இல் உருவாக்கினார்கள். அந்தக் குழுவின் முழக்கம் இரண்டே சொல்: "என்னோடு பேசு."

அவர்கள் கண்டுகொண்ட அடிப்படை உண்மை எளிமையானது. கோபமும் பயமும் உச்சத்தில் இருக்கும் மனிதனால் யோசிக்க முடியாது. ஆனால் எந்த மனிதனாலும் அந்த உச்சத்திலேயே பல மணி நேரம் நிற்கவும் முடியாது. களைப்பு வரும், தாகம் வரும், பசி வரும். வேகம் தணியத் தணிய அறிவு வேலை செய்யத் தொடங்கும். ஆகவே நேரம் போலீஸின் எதிரி அல்ல, நண்பன். பேச்சுவார்த்தையாளரின் முதல் வேலையே நேரத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான்.

நம் நாடு கண்ட மூன்று நெருக்கடிகள்

மலேசியாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1975 ஆகஸ்டு மாதம், கோலாலம்பூர் ஏ.ஐ.ஏ. கட்டடத்துக்குள் ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்தவர்கள் ஆயுதங்களோடு நுழைந்தார்கள். அமெரிக்கத் தூதரகப் பிரிவும் சுவீடன் தூதரகமும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிணைக் கைதிகள் ஆனார்கள். நாள் கணக்கில் பேச்சு நடந்தது. ஜப்பானியச் சிறையில் இருந்த 5 பேரை விடுவிக்க அந்நாட்டு அரசு இணங்கியது. கடைசியில் எல்லாரும் லிபியாவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார்கள். பிணைக் கைதிகள் உயிரோடு வீடு திரும்பினார்கள். விலை கொடுத்து வாங்கிய அமைதி என்று அன்று விமர்சனமும் எழுந்தது. ஆனால் கோலாலம்பூர் நடுவில் ரத்த ஆறு ஓடவில்லை.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1986 அக்டோபர் 17ஆம் தேதி, புடு சிறையில் ஜிம்மி சுவா தலைமையில் ஆறு கைதிகள் ஒரு மருத்துவரையும் ஓர் ஆய்வுக்கூடப் பணியாளரையும் பிணை பிடித்தார்கள். ஆறு நாள் நாடே வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்த ஆறு நாளும் பேச்சு தொடர்ந்தது. பேச்சினால் மட்டும் அது முடியவில்லை. அக்டோபர் 22ஆம் தேதி போலீஸின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு உள்ளே புகுந்தது. ஒரு தோட்டாகூடச் சுடாமல், கைத்தடிகளோடு. இரண்டு பிணைக் கைதிகளும் மீட்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை தோற்றது என்று இதைச் சொல்லலாமா? கூடாது. உள்ளே இருப்பவர்களைக் களைப்படைய வைத்ததும், மீட்புக் குழு திட்டம் போட நேரம் கொடுத்ததும் அந்தப் பேச்சுதான்.

மூன்றாவது சம்பவம் நம் மனத்துக்கு மிக அருகில் இருப்பது. 2000 ஜூலை 2ஆம் தேதி, இராணுவ அதிகாரிகள் போல வேடமிட்டு வந்த அல்-மாவூனா கும்பல், பேராக்கில் இரண்டு இராணுவ முகாம்களிலிருந்து ஏராளமான ஆயுதங்களை அள்ளிச் சென்றது. கோலகங்சார் அருகே சாவுக் வட்டாரத்திலுள்ள புக்கிட் ஜெனாலிக் காட்டில் பதுங்கியது. இரண்டு போலீஸ்காரர்கள், ஓர் இராணுவ வீரர், பழத்தோட்டத்துக்கு வந்த ஒரு கிராமத்தவர் என நால்வரைப் பிடித்து வைத்தது. அவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் இராணுவ வீரர் மத்தியூ அனாக் மெடான். மற்றவர் துப்பறியும் பிரிவைச் சேர்ந்த கார்ப்பரல் ஆர். சகாதேவன். நம் இனத்துப் பிள்ளை.

அந்த நிலையில் அந்த மலைக்குள் பேசப் போவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஏ.எஸ்.பி. அப்துல் ரசாக் முகமட் யூசோஃப் என்ற போலீஸ் அதிகாரி போனார். படைத் தளபதி ஜைனி முகமட் சைட்டும் நேருக்கு நேர் போய் நின்றார். ஜூலை 6ஆம் தேதி கும்பலின் தலைவன் முகமட் அமின் சரணடைந்தான். அந்த இரு அதிகாரிகளுக்கும் நாட்டின் மிக உயரிய வீர விருதான ஸ்ரீ பாலவான் காகா பெர்காசா வழங்கப்பட்டது. போர்க்களத்தில் சுட்டவர்களுக்குக் கிடைக்கும் விருது, பேசப் போனவர்களுக்கும் கிடைத்தது. இதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதே 2000 ஜூலை, 30ஆம் தேதி. கடல் தாண்டி இன்னொரு காட்டில் இன்னொரு நெருக்கடி தொடங்கியது. கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். இரு மாநில அரசுகளின் தூதராகக் காட்டுக்குள் போய் வந்தவர் போலீஸ்காரர் அல்ல. நக்கீரன் கோபால் என்ற பத்திரிகையாளர். ராஜ்குமார் விடுதலையாக 108 நாள் ஆனது. எதிரில் இருப்பவன் யாரை நம்புகிறானோ அவரிடம்தான் பேசுவான் என்பதற்கு இது ஒரு பெரிய சான்று.

பேசுபவரை அடைத்தால்

நம் சிலாங்கூர் தோட்டங்களுக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டனார்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அவர்களுக்காகப் பேசியவர் ஆர்.எச். நாதன். மே மாதம் அவரைக் காலனி அரசு கைது செய்தது. அதன் பிறகு கிளர்ச்சி சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அது பிணை பிடித்த வழக்கு அல்லதான். என்றாலும், கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்கும் அதிகாரத்துக்கும் நடுவே இருந்த ஒரே குரலைப் பிடுங்கி எடுத்தால் மிஞ்சுவது எது என்று அந்த மே மாதம் காட்டியது.

காதுக்குத்தான் பயிற்சி

சரி, இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் பொருத்தமானவர் என்று நினைப்போம். மேடைப் பேச்சாளர்களுக்குக் கைதட்டிப் பழகிய சமுதாயம் அல்லவா நாம்! உண்மையில் நேர்மாறு. அதிகம் பேசுபவர் இந்தப் பயிற்சியில் முதலில் தோற்பார். இங்கே பயிற்சி வாய்க்கு அல்ல, காதுக்கு.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதை ஐந்து படிகளாகச் சொல்லிக் கொடுக்கிறது. முதல் படி, கவனித்துக் கேட்பது. இரண்டாவது, அவன் வலியைப் புரிந்துகொண்டதைக் காட்டுவது. மூன்றாவது, இருவருக்கும் இடையே ஒரு நம்பிக்கை வளர்வது. நான்காவது, நம் சொல் அவனிடம் எடுபடுவது. ஐந்தாவதுதான் அவன் மனம் மாறுவது. "கத்தியைக் கீழே போடு" என்பது ஐந்தாவது படி. நாமோ வீட்டிலும் சரி, ரோட்டிலும் சரி, எடுத்த எடுப்பிலேயே ஐந்தாவது படியில் ஏறிக் குதிக்கிறோம். காலை உடைத்துக்கொள்கிறோம்.

அந்த லயத்து வீட்டுக்குத் திரும்புவோம். பயிற்சி பெற்ற அதிகாரி முதலில் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தச் சொல்வார். மைத்துனன் கையிலிருந்த கட்டை போகும். ஆம்புலன்ஸ் சைரன் அணையும். கதவிலிருந்து பாதுகாப்பான தூரத்தில், ஒரு சுவரின் மறைவில் நின்று பேசத் தொடங்குவார்.

"தம்பி, நான் போலீஸ்தான். உன்கூடப் பேசத்தான் வந்திருக்கேன். பாப்பா நல்லா இருக்காளா?"

"போய்டுங்க சார்! எல்லாரும் போய்டுங்க! யாரும் எனக்கு வேணாம்!"

"யாரும் வேணாம்னு தோணுற அளவுக்கு நொந்து போயிருக்க."

பதில் இல்லை. அதிகாரியும் பேசவில்லை. பத்து வினாடி, இருபது வினாடி. அந்த மௌனத்தைத் தாங்குவதற்கும் பயிற்சி வேண்டும்.

"ரெண்டு மாசமா நாயா அலையிறேன் சார். ஒரு பய திரும்பிப் பாக்கல."

"ரெண்டு மாசமா..."

"ஆமா சார். இப்ப அவளும் போறேங்கிறா..."

கவனித்தீர்களா? அதிகாரி அறிவுரை சொல்லவில்லை. "குழந்தையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கவில்லை. அவன் உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்தார். அவன் சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னார். மற்றதை அவனே பேசினான். பேசப் பேச மூச்சு சீராகும். பாராங் பிடித்த கை கொஞ்சம் தளரும்.

இந்த வேலை தனி ஆள் வேலையும் அல்ல. பேசுபவர் ஒருவர். அவர் தோளுக்குப் பின்னால் துணையாளர் ஒருவர், எல்லாவற்றையும் கேட்டு, சிறு சீட்டில் குறிப்பு எழுதி நீட்டுவார்: "மகள் பேரைச் சொல்", "கடன் பேச்சை இப்போது எடுக்காதே." மூன்றாமவர், அந்த ஆளின் குடும்பம், வேலை, உடல்நிலை பற்றி வெளியே விசாரித்துத் தகவல் சேர்ப்பார். குழுவுக்கு ஒரு தலைவர். ஆலோசனை சொல்ல ஒரு மனநல நிபுணர். நேரம் நீண்டால் பேசுபவரை மாற்றுவார்கள்.

எழுதப்பட்ட ஒரு விதியும் உண்டு. பேசுபவர் உத்தரவு போடக் கூடாது. உத்தரவு போடுபவர் பேசக் கூடாது. ஏன்? "கார் கொடு, பணம் கொடு" என்று கேட்டால், "என் கையில் இல்லை தம்பி, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவரால் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும். அதில் நேரமும் கிடைக்கும்; அவனுக்காக மேலிடத்தில் வாதாடும் ஆள் என்ற உறவும் வளரும். பொய்யான வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்பதும் கண்டிப்பான பாடம். ஒரு பொய் பிடிபட்டால், இரண்டு மணி நேரம் கட்டிய நம்பிக்கை ஒரு நொடியில் சரியும்.

அமெரிக்காவில் பேச்சுவார்த்தையாளராகச் சேருபவருக்குத் தொடக்கப் பயிற்சியே குறைந்தது 40 மணி நேரம் வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். எஃப்.பி.ஐ.யின் தேசியப் பயிற்சி இரண்டு வாரம். அதில் பெரும்பகுதி புத்தகப் படிப்பு அல்ல, நடிப்பு. ஒருவர் கத்தியோடு கதவுக்குள்ளே இருப்பவராக நடிப்பார். திட்டுவார், அழுவார், திடீரென்று பேச்சை நிறுத்துவார். மற்றவர் வியர்க்க விறுவிறுக்கப் பேசிப் பழக வேண்டும். பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, எங்கே அவசரப்பட்டோம், எங்கே குறுக்கே பேசினோம் என்று தாமே திருத்திக்கொள்வார்கள். சிறிய அளவில் நெருக்கடியைக் கொடுத்துப் பெரிய நெருக்கடிக்குப் பழக்குவது. அம்மை ஊசி போடுவது மாதிரிதான். நீச்சலைப் போல இதுவும் பழகாவிட்டால் மறந்துபோகும் கலை. ஆகவே ஆண்டுதோறும் மறுபயிற்சி தேவைப்படுகிறது.

தாய்மொழியில் அழுகிறவன்

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதன் அமைதியாக இருக்கும்போது மலாயில் பேசுவான், ஆங்கிலத்தில் பேசுவான். நெஞ்சு வெடிக்கும்போது தாய்மொழியில்தான் அழுவான். தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, செம்பனைக் குலை வெட்டும் வேலையில் இறங்கிய ஒருவனிடம், அவன் உயிர் ஊசலாடும் நேரத்தில் "தம்பி" என்று அழைக்கும் ஒரு குரல் செய்யும் வேலையை வேறெந்த மொழியும் முழுதாகச் செய்யாது. "என்னமோ மாதிரி இருக்கு", "மானம் போச்சு" என்கிற சொற்களின் எடை மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போனால் பாதி வழியில் சிந்திவிடும்.

நம் காவல் துறையில் இந்தியர்கள் குறைவு என்பது நாம் பல காலமாகப் பேசிவரும் குறை. வேலை வாய்ப்புக் கணக்காக மட்டுமே அதைப் பேசுகிறோம். அது உயிர் காக்கும் கணக்கும்கூட. உளவியலோ ஆலோசனைத் துறையோ படித்துவிட்டு, என்ன வேலைக்குப் போவது என்று யோசிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். போலீஸ் வேலை என்றால் லாரியை நிறுத்தி சம்மன் எழுதுவது மட்டும் அல்ல என்று அவர்களிடம் சொல்லுங்கள். நான்கு மொழி கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் பிறவிச் சொத்தே இருக்கிறது.

வீடு திரும்பும் போலீஸ்காரர்

கதவு திறந்து குழந்தை வெளியே ஓடி வந்தால் எல்லாரும் கைதட்டுவார்கள். எல்லாக் கதவும் அப்படித் திறப்பதில்லை. நான்கு மணி நேரம் ஒருவனோடு பேசி, அவன் அம்மா பேர், மகள் பேர், அவனுக்குப் பிடித்த சாப்பாடு வரைக்கும் தெரிந்துகொண்ட பிறகு, அவன் கடைசி நொடியில் மாறிவிட்டால்? அந்த அதிகாரிதான் அவனிடம் கடைசியாகப் பேசிய மனிதர். "அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ?" என்ற கேள்வி அவரோடு வீட்டுக்கு வரும். சோற்றுத் தட்டில் உட்காரும். நடு இரவில் எழுப்பும்.

பல நாடுகளில் பேச்சுவார்த்தையாளர்களுக்கு இது முழுநேர வேலை அல்ல. பகலில் விசாரணை, அறிக்கை, நீதிமன்றம்; அழைப்பு வந்தால் இதற்கும் ஓட வேண்டும். மறுநாள் காலை வழக்கம்போல் மேசைக்கு வர வேண்டும். ஆகவே மன உறுதியை வளர்ப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. மன உறுதி என்றால் கல் மனம் அல்ல. கல்லாகிப் போனவரால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. அவரால் அடுத்தவர் வலியைக் கேட்க முடியாதே. வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும் மூங்கில் மாதிரியான மனம் வேண்டும்.

அதற்கு என்ன செய்கிறார்கள்? முதலில், உடம்பை அடக்கப் பழக்குகிறார்கள். 1908ஆம் ஆண்டிலேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: ஓரளவு பதற்றம் செயல்திறனைக் கூட்டும், அளவு மீறினால் அதுவே குலைக்கும். எனவே பேசத் தொடங்கும் முன் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும் வரை நிறுத்தி, நான்கு எண்ணும் வரை விட்டு, மீண்டும் நான்கு எண்ணி நிறுத்தும் எளிய பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பாட்டன்மார் சொன்ன மூச்சுப் பயிற்சியின் தம்பிதான் இது.

இரண்டாவது, பொறுப்பின் எல்லையைப் புரிய வைக்கிறார்கள். பேச்சுவார்த்தையாளரின் கடமை நன்றாகப் பேசுவது. முடிவு எடுப்பது உள்ளே இருப்பவர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒவ்வொரு தோல்வியும் கொலைக் குற்றம்போல மனத்தில் ஏறும்.

மூன்றாவது, சம்பவத்துக்குப் பிறகு தனியே விடுவதில்லை. இங்கே ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், சம்பவம் முடிந்ததும் எல்லாரையும் கூட்டிவைத்து நடந்ததைப் பேச வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுதும் அது பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள், கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறுவதால் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று எச்சரித்தன. ஆகவே இப்போது வேறு விதமாகச் செய்கிறார்கள். வேலை எப்படி நடந்தது என்பதை ஒரு கூட்டத்தில் அலசுவார்கள். மனம் எப்படி இருக்கிறது என்பதைத் தனியே, அவர் விரும்பும் நேரத்தில், அதே வேலையைச் செய்த சக அதிகாரி கேட்பார். தூக்கம் வருகிறதா, வீட்டில் எரிந்து விழுகிறாரா, குடி கூடுகிறதா என்று சில வாரம் கவனிப்பார்கள். தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

இதில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேலையில் இருக்கும் கணவரோ மகளோ நள்ளிரவில் வந்து எதுவும் பேசாமல் உட்கார்ந்தால், "என்ன நடந்துச்சு, சொல்லு சொல்லு" என்று குடையாதீர்கள். ஒரு கோப்பை மைலோ கலக்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லும்போது கேளுங்கள்.

சட்டம் மாறிவிட்டது, நாம்?

நம் நாட்டில் அண்மையில் நடந்த ஒரு மாற்றம் இந்த வேலையின் முக்கியத்துவத்தைக் கூட்டியிருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றமாக இருந்தது. ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். 2023 மே மாதம் மக்களவை அந்தப் பிரிவை நீக்க ஒப்புதல் கொடுத்தது; அதே ஆண்டு செப்டம்பரில் நீக்கம் நடப்புக்கு வந்தது. கூடவே மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. நெருக்கடித் தலையீட்டு அதிகாரி என்ற பொறுப்பு அதில் வந்தது. போலீஸ், தீயணைப்பு, சமூக நலத் துறை போன்றவற்றின் அதிகாரிகள், ஆபத்தில் இருப்பவரைத் தடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க அதிகாரம் பெற்றார்கள்.

அதாவது, நேற்றுவரை குற்றவாளியாகப் பார்க்கப்பட்டவர் இன்று நோயாளி. நேற்றுவரை கைவிலங்கு மாட்ட வந்தவர் இன்று கை கொடுக்க வருபவர். சட்டப் புத்தகத்தில் இதை ஒரே நாளில் மாற்றிவிடலாம். சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் சாதாரண போலீஸ்காரரின் பேச்சில் மாற்றம் வரப் பயிற்சிதான் வேண்டும். ஜெராம் போன்ற இடத்தில் ஒரு நெருக்கடி என்றால், சிறப்புக் குழு ஷா ஆலாமிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்து சேரும் வரை அந்த முதல் அரை மணி நேரத்தைச் சமாளிக்கப் போவது உள்ளூர்ப் போலீஸ்காரர்தான். அவருக்கும் முன்னால் அங்கே நிற்கப் போவது நாம்.

ஆகவே சிலவற்றை நாமும் தெரிந்துவைத்துக்கொள்வோம்:

- முதலில் 999. "குடும்ப மானம் போகும்" என்று தாமதிக்காதீர்கள். ஆயுதம் இருக்கிறதா, குழந்தை இருக்கிறதா, என்ன மொழியில் பேசுவார் என்பதைச் சொல்லுங்கள்.
- கூட்டம் சேர விடாதீர்கள். கைப்பேசியில் நேரலை போடாதீர்கள். உள்ளே இருப்பவர் கையிலும் கைப்பேசி இருக்கலாம். தன்னை ஊரே வேடிக்கை பார்ப்பதை அவர் பார்த்தால், வெளியே வரும் வழியை நாமே அடைக்கிறோம்.
- சவால் விடாதீர்கள், கேலி செய்யாதீர்கள், அறிவுரை மழை பொழியாதீர்கள்.
- யார் மீது கோபமோ அவரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தாதீர்கள். "அம்மா பேசினால் இறங்கிவிடுவான்" என்பது சில நேரம் உண்மை. சில நேரம் அதுவே கடைசித் தூண்டுதல். அந்த முடிவை அதிகாரியிடம் விடுங்கள்.
- போலீஸ் வந்ததும், அவர் பற்றித் தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கடன், குடி, மாத்திரை, போன வாரச் சண்டை எல்லாமே உதவும்.

நெருக்கடி முற்றும் முன்பே கைகொடுக்கவும் எண்கள் உண்டு. பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண்: 15555. தாலியன் காசே: 15999. இவற்றை வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்.

லயத்தில் அன்று இருந்தவர்கள்

பழைய தோட்ட வாழ்க்கையில் இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. ஆனால் ஆள் இருந்தது. லயத்தில் சண்டை என்றால் கோயில் தலைவர் வருவார். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் கிழவி வருவாள். "என்னப்பா, வா, முதல்ல தண்ணி குடி" என்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் சிதறியபோது, அந்தப் பெரியவர்களும் போய்விட்டார்கள். அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று போலீஸ் வண்டி வந்து நின்ற பிறகுதான் நமக்கே தெரிகிறது.

அந்தப் பெரியவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அவர்கள் செய்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும் எத்தனையோ கருத்தரங்கு நடத்துகிறோம். வட்டாரப் போலீஸ் அதிகாரி ஒருவரையும் மனநல ஆலோசகர் ஒருவரையும் அழைத்து, "நெருக்கடியில் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து பேசினால் பெரிய செலவு ஆகாது. வடை, தேநீர் செலவுதான்.

அந்தக் கற்பனை வீட்டின் கதவு திறந்ததா என்று கேட்கிறீர்களா? இரவு ஒன்பதரைக்குத் திறந்ததாகவே வைத்துக்கொள்வோம். முதலில் குழந்தை வந்தாள். பிறகு பாராங் ஜன்னல் வழியாக வெளியே விழுந்தது. கடைசியில் அவன் வந்தான். மூன்று மணி நேரம் பேசிய அதிகாரி தொண்டை கட்டிப்போய், ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, வண்டியில் ஏறும் முன் தன் வீட்டுக்கு ஒரு அழைப்பு போட்டார். "பிள்ளைங்க தூங்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.